மஸ்கெலியாப் பெரியவரின் காது

எங்கள் ரேடியோ பழுதுபார்ப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதித் தரச்சொல்லி வந்த தம்பிமார் இரண்டு பேரும் கையோடு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையையும் கொண்டுவந்திருந்தார்கள். வழவழவென்ற தாள். பக்கத்துக்குப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகளின் படம், படத்துக்குக் கீழே நட்சத்திரங்கள்.

"ஐயா, இதுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. நீங்க என்னங்க சொல்றீங்க?"

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க, படிச்சோம்."

நான் அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனாலும் பத்திரிகையைத் தள்ளிவைத்துவிட்டு, "அது சரியில்லை" என்றேன். தம்பிமார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவன் குறித்துக்கூட வைத்தான். அனுபவம் பேசுகிறது என்று நினைத்திருப்பார்கள். அனுபவம் வாயே திறக்கவில்லை. பேசியது பொறாமை. ஸ்பீக்கரைப் பற்றி யார் என்ன எழுதினாலும் எனக்குள் அது இப்படித்தான் முந்திக்கொண்டு பேசும். அது எனக்குள் எப்போது குடிவந்தது, யார் கூட்டிவந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். மலருக்குப் பொருத்தமில்லையென்றால் தம்பிமார் அவர்களுடைய நட்சத்திரங்களையே போட்டுக்கொள்ளட்டும்.

என் பேர் பெருமாள், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு போட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். நாடு சுதந்திரம் வாங்கி, கையோடு எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்றும் சொன்ன அந்த வருடத்தில் நான் ஹட்டன் கடைவீதியில் ஒரு ரேடியோக் கடைக்கு வேலைக்குப் போனேன். நாடு என்னைச் சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் கடை சேர்த்துக்கொண்டது. முதல் ஐந்து வருடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சாலிடரிங் இரும்பில் ஒன்பது விரலைச் சுட்டுக்கொண்டேன். பத்தாவது விரல் ஒரு ரேடியோவுக்குள் மின்சாரத்தில் மாட்டி என்னைச் சுவரோடு அறைந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை தெரியும் என்று முதலாளி ஒப்புக்கொண்டார்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, வெயிலானாலும் மழையானாலும் கறுப்புக் குடை. குரல் உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடியும் துடைப்பார்.

புது ஸ்பீக்கர் ஒன்று கொழும்பிலிருந்து வந்தால் அதைக் கடையில் வைப்பதா வேண்டாமா என்று அவர் தீர்மானிப்பது ஒரு பூசை மாதிரி நடக்கும். முதலில் மோந்துபார்ப்பார். பசை வாசம் அடித்தால் புதுசு, பூஞ்சண வாசம் அடித்தால் கிடங்கில் கிடந்தது. பிறகு இரண்டு கை விரல்நுனிகளையும் காகிதக் கூம்பின் மேல் வைத்து, குழந்தைக்கு வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மெதுவாக அமுக்குவார். உள்ளே கம்பிச்சுருள் எங்கேயாவது உரசினால் விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து டோர்ச் பெட்டரியை இரண்டு வயரிலும் தொட்டு ஒரு 'டக்'. அதற்குப் பிறகுதான் பாட்டு. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர், ஒரு நாதஸ்வர இசைத்தட்டு, ஒரு மிருதங்க இசைத்தட்டு. இந்த மூன்றும்தான், எப்போதும் இதே வரிசையில்.

வாசலோரம் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. ஒரு கை முறிந்து, செப்புக் கம்பி சுற்றிய நாற்காலி. அதில் உட்கார்ந்து பாதி கேட்பார். பிறகு எழுந்து குடையை விரித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப்போய், எதிர்ப்பக்கச் சாக்கடைக் கானோரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு மீதியைக் கேட்பார். பஸ் ஹோர்ன் அடிக்கும், போகிறவர்கள் கும்பிடு போடுவார்கள், மழை ஊற்றும். அசையமாட்டார்.

"கோயில்ல நாதஸ்வரம் வாசிச்சா அடுத்த மலைக்கும் அது நாதஸ்வரமாத்தான் கேக்கும். பெட்டியில வாசிக்கிறது ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள ஊதுகுழலாப் போயிடக்கூடாது" என்பார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து "வைக்கலாம்" அல்லது "வேணாம்" என்று ஒரு சொல். நாங்கள் மாறுபட்டுப் பேசினால் பிழையென்று சொல்லமாட்டார். "சரி, இன்னொரு தடவை கேப்போம்" என்று குடையை எடுப்பார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குத்தான் என்று நான் ஐந்தாம் வருடமே தீர்மானித்துவிட்டேன். யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

அந்த ஐந்தாம் வருடத்தில்தான் அந்தோனி வேலைக்கு வந்தான். என்னைவிட மூன்று வயது இளையவன். அவனுடைய அப்பா எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையா, மலையில் வேலை பார்வையிடுகிறவர். என் அம்மாவின் கூடைக்குள் கைவிட்டு முற்றின இலை இருக்கிறதா என்று பார்த்தவருடைய மகன், இப்போது என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் சாலிடரை எட்டிப்பார்த்தான். பார்த்துவிட்டு, "அண்ணே, ரொம்ப சுத்தமா இருக்குண்ணே" என்றான். குறை சொல்லியிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவன் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான்.

அவன் ஆங்கிலம் படித்தவன். தமிழும் அழகாக எழுதுவான். ஐம்பதுகளின் பின்பாதியில், ஹை-ஃபை என்ற சொல் மலைக்கு ஏறிவந்த காலத்தில், கொழும்புத் தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் 'கேட்டுப் பார்த்தோம்' என்று ஒரு பகுதி எழுத ஆரம்பித்தான். வாரம் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கொம்பனிக்காரர்களே பெட்டியை ரயிலில் ஏற்றி அவன் பேருக்கு அனுப்பினார்கள். என் பேருக்கு அதுவரை ரயிலில் வந்ததெல்லாம் மாமனார் மட்டும்தான்.

தோட்டத்துக் கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஐயாமார், தோட்டத்து மருந்துக்கார ஐயாமார், கடை முதலாளிமார் எல்லோரும் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். நான் எதிரே நிற்பேன். என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப்பார்த்து, "அந்தோனி இல்லீங்களா?" என்பார்கள். "நான் இருக்கேனே" என்பேன். "பரவாயில்லை, நாங்க நிக்கிறோம்" என்பார்கள். ஒருநாள் பொறுக்காமல் எண்ணிப்பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை பதினோரு பேர் அவனை ஐயா என்றார்கள். என்னை ஒருவர் 'இந்தாப்பா' என்றார். அவரும் குடையை எங்கே வைப்பது என்று கேட்கத்தான்.

அவன் எழுதுவதைப் படித்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். 'இப்பெட்டியின் தாழ்ந்த சுரங்கள் மலையருவிபோல் இறங்குகின்றன' என்று எழுதினான். நான் அருவிக்கு நூறு அடி தள்ளிப் பிறந்தவன். அருவிக்குத் தாழ்ந்த சுரமும் கிடையாது, உயர்ந்த சுரமும் கிடையாது. 'சோ'வென்று ஒரே சத்தம். அப்படி ஒரு பெட்டி சத்தம் போட்டால் நாங்கள் அதைக் கழற்றிப் பழுதுபார்ப்போம். இதை நான் கடையில் சொன்னால் அந்தோனியே விழுந்து விழுந்து சிரிப்பான். "எழுதுங்கண்ணே, நீங்களும் எழுதுங்க" என்பான். பெருந்தன்மை மாதிரி எரிச்சலூட்டுகிற குணம் உலகத்தில் வேறு இல்லை.

கடைசியில் எழுதினேன். ஒரு மாசியில் சின்னப் பெட்டி ஒன்றை 'குறை என்று சொல்ல ஒன்றுமில்லை' என்று அவன் புகழ்ந்திருந்தான். எனக்கு அதில் குறை கேட்டது. பொறாமையால் மட்டுமல்ல, உண்மையாகவே கேட்டது. மஸ்கெலியாப் பக்கம் ரேடியோ பழுதுபார்க்கப் போன ஒருநாள், அங்கே தபால் கந்தோரின் சாய்வு மேசையில் வைத்தே எழுதிப் போட்டேன்.

'ஐயா, குறையே இல்லையென்று தாங்கள் எழுதிய பெட்டியைக் கேட்டேன். தாங்கள் மழையில்லாத மாதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆனி மாதத்தில் மஸ்கெலியாவுக்கு வந்து கேட்கவும். இப்போதே மிருதங்கத்தின் வலது பக்கம் வாசிக்கிறவர் மட்டும் இருக்கிறார், இடது பக்கம் வாசிக்கிறவர் லீவில் போய்விட்டார். பெட்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, பழைய தலையணை இலவம்பஞ்சை உதிர்த்து வைத்தால் ஒருவேளை திறக்கும். இப்படிக்கு, ஒரு பழைய காது, மஸ்கெலியா.'

எனக்கு அப்போது முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. பழைய காது என்று போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை பத்திரிகை வந்ததும் அந்தோனி அதை விரித்துப் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, இதைக் கேளுங்க! யாரோ மஸ்கெலியாவில ஒரு பெரியவரு. இடது பக்கம் வாசிக்கிறவரு லீவுல போயிட்டாராம்! எப்பிடி எழுதியிருக்காரு பாருங்கண்ணே! இவருக்குத்தான் காது. நமக்கெல்லாம் இருக்கிறது கோப்பைக்குப் பிடி வச்ச மாதிரி, தூக்கிறதுக்குத்தான் லாயக்கு."

அந்த 'நமக்கெல்லாம்' என்பதில் நானும் இருந்தேன்.

அவன் மறுவாரமே 'மஸ்கெலியாப் பெரியவர்' என்று தலைப்பிட்டு ஒரு பாராட்டு எழுதினான். அவ்வளவுதான், பெரியவர் பெரிய ஆளாகிவிட்டார். ஒரு வருடத்துக்குள் ஐந்து கடிதம் எழுதினார். வாடிக்கையாளர்கள் முதலில் அந்தோனி என்ன சொல்கிறான் என்று கேட்பார்கள், பிறகு பெரியவர் என்ன சொல்கிறார் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. நோர்வூட்டிலிருந்து வந்த மருந்துக்கார ஐயா ஒருவரிடம் நானாகவே ஒரு பெட்டியைப் பற்றி அபிப்பிராயம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ சும்மா இரு தம்பி. மஸ்கெலியாப் பெரியவரே வேற மாதிரி எழுதியிருக்காரு."

எழுதித்தான் இருந்தேன். மூன்றாவது கடிதத்தில். மறந்துபோய்விட்டது.

முன்பு எனக்கு ஒரே ஒரு ஆளைக் கண்டால்தான் வயிறெரியும். இப்போது இரண்டு பேரானார்கள். அதில் ஒருவன் நானே. வீட்டில் என் மனைவி பாக்கியத்திடம் ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப அந்தப் பெரியவரு நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப அவரை நாளைக்கு வரச்சொல்லுங்க. விறகு பொளக்கணும். உங்ககிட்டச் சொல்லி ஒரு கிழமையாச்சு."

இந்த நிலைமையில்தான் மறு வருடத்து ஆனி மாத மழையோடு இரண்டு விஷயம் சேர்ந்து வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தார்.

"எனக்கு வலது காது சரியாக் கேக்கலை. இந்தத் தீபாவளியோட நான் கேக்கிறதை நிறுத்திக்கிறேன். நாற்காலியில உங்கள்ல ஒருத்தரு உக்காரணும். உக்கார்றவரு சொல்றதுதான் கடைக்குச் சொல்லு."

இரண்டாவது, மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்து டீமேக்கர் ஐயாவின் புகார். ஸ்டோரில் தேயிலை பக்குவமாவதைப் பார்க்கிற உத்தியோகம் அவருக்கு, நாக்கில் வாழ்கிற மனிதர். அந்தோனி 'குறை என்று சொல்ல ஒன்றுமில்லை' என்று எழுதினானே, அந்தப் பெட்டியை நம்பி வாங்கியவர். மழை தொடங்கினதிலிருந்து பெட்டி சளி பிடித்த மாதிரிப் பேசுகிறதாம். முதலாளி கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அங்கேயே கேட்டு, எல்லாத்தையும் அங்கேயே முடிவுபண்ணிடுவோம்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தோனியின் பிழை, அந்தோனியின் பெட்டி, முதலாளியின் முன்னால். இதற்குமேல் சாமியிடம் என்ன கேட்பது? ஆனால் பிழை பிடித்தால் மட்டும் போதாது, சரியானதைக் காட்டவும் வேண்டும் என்று தோன்றிற்று. கடையில் என் மேசைக்குக் கீழே நான் செய்து வைத்திருந்த பெட்டி ஒன்று கிடந்தது. தேயிலை அடைத்துக் கப்பலுக்கு அனுப்புகிற பலகைப் பெட்டிகள் இரண்டை உடைத்து, பலகையை இரட்டையாக ஒட்டி, உள்ளே அதே பெட்டியின் ஈயத்தாளை ஒட்டிச் செய்தது. தேயிலையைக் கப்பலில் ஈரத்திலிருந்து காப்பாற்றுகிற தாள், ஒரு ஸ்பீக்கரை மஸ்கெலியா மழையிலிருந்து காப்பாற்றாதா? பஞ்சு மட்டும்தான் குறை. சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாக்கியத்தின் தலையணையை எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, என்னங்க பண்றீங்க? நான் நீலப்பூ தைச்ச தலையணைங்க அது!"

"ஒரு நல்ல காரியத்துக்கு."

"நல்ல காரியத்துக்கு உங்க தலையணையைக் கிழிக்கிறது!"

என்னுடையதில் இருந்தது தேங்காய்த் தும்பு. அது மிருதங்கத்துக்கு ஒத்துவராது என்று விளக்கினேன். அவள் அன்றிரவு பழைய சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மழைக்குத் தார்ப்படங்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மஸ்கெலியாவில் இறங்கி மேட்டில் இரண்டு மைல்கட்டை நடை. மூன்று தலைமுறை கூடை சுமந்த தலை, ஒரு பெட்டிக்கு அசையவில்லை. அந்தோனி இரண்டு தடவை, "குடுங்கண்ணே, கொஞ்சம் நான் தூக்குறேன்" என்றான். குடுக்கவில்லை. குடுத்தால் அதற்கும் அவனுக்குத்தான் பேர் போகும்.

டீமேக்கர் ஐயாவின் வீட்டுக்குத் தோட்டத்து நீர்ச்சக்கரத்திலிருந்து மின்சாரம். வேலை நாளில் ஸ்டோரின் யந்திரங்கள் ஓடினால் பாட்டு மூச்சுவாங்கும். அதனால்தான் ஞாயிறு. அவர் எங்களுக்குக் கருவாட்டுக் குழம்போடு சோறு போட்டார். சாப்பிடும்போது ஒரு கதை சொன்னார்.

"எங்க தேயிலையைக் கொழும்புல ஒருத்தரு வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, அது நல்லாயிருக்கு, இது நல்லால்லேன்னு எழுதி அனுப்புவாருங்க. நான் அதைப் படிச்சிட்டு இங்க துப்புவேன். ஒரு தடவை என்ன பண்ணினேன், ஒரே நாள் தேயிலையை ரெண்டு பையில போட்டு ரெண்டு நம்பரு போட்டு அனுப்பினேன். ஒண்ணு தங்க நிறமாம், இன்னொண்ணு செத்த தண்ணியாம்!"

அந்த வீட்டிலேயே உரக்கச் சிரித்தவன் நான். சோறு புரையேறி முதலாளி முதுகில் தட்டவேண்டியதாயிற்று. "படிச்ச ஆளுங்களே இப்பிடித்தாங்க" என்று அந்தோனியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சாப்பாடானதும் டீமேக்கர் ஐயா கை துடைத்துக்கொண்டு எழுந்தார். "பேரைப் பார்த்தா நாக்கு தடுமாறும். எங்க வேலையில கோப்பைக்கு நம்பருதான், பேரு கிடையாது. இதையும் அப்பிடியே பண்ணுவோம்." எங்களை வராந்தாவுக்கு அனுப்பினார். கூப்பிட்டு உள்ளே போனபோது அறையின் நடுவில் கயிறு கட்டி இரண்டு கம்பளி தொங்கவிட்டிருந்தார். பெட்டிகளெல்லாம் அதற்குப் பின்னால். எங்கள் மூன்று பேர் கையிலும் தேயிலை ருசிபார்க்கிறபோது குறிக்கிற தாள் ஒவ்வொன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டம் போட்டது.

"மூணு நம்பருக்கும் ஒரே மிருதங்கத் தட்டுத்தான் போடுவேன். காதுக்குப் பட்டதை எழுதுங்க, பேசிக்காதீங்க" என்றுவிட்டு அவர் கம்பளிக்குப் பின்னால் போனார்.

மூளை உள்ளவன் நான். உடனே கணக்குப் போட்டேன். அறைக்குள் மூன்று பெட்டி. அவர் வாங்கியது, ரேடியோவும் இசைத்தட்டும் ஒரே பெட்டியில் பாடுகிற அவருடைய பழைய ரேடியோகிராம், என்னுடையது. வீட்டுக்காரர் தன் புதுப் பெட்டியைத்தான் முதலில் போடுவார். நல்லதைக் கடைசியில் வைப்பார்.

முதல் நம்பர் பாடிற்று. இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கா தெரியாது, அந்தோனியின் பெட்டி இனிமையாகத்தான் ஏமாற்றும். 'ஒன்று: போலி இனிப்பு. இடது பக்கம் இல்லை. தொண்டை கட்டியது' என்று எழுதினேன். இரண்டாவதில் மிருதங்கம் தகரம் மாதிரிக் கேட்டது. 'இரண்டு: பழைய ரேடியோகிராம். ஓய்வு கொடுக்கவும்.' மூன்றாவது தொடங்கியதும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையும் தனித்தனியாகக் கேட்டன, அந்தக் கம்பளிக்கு முன்னால் வாசிக்கிறவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். 'மூன்று: இதுதான் பெட்டி. இதைச் செய்தவனுக்குக் காது இருக்கிறது' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

டீமேக்கர் ஐயா வெளியே வந்து தாள்களை வாங்கினார். முதலாளியின் தாளில் மூன்று சொல்தான் இருந்தன. வைக்கலாம், வேணாம், வைக்கலாம். அடுத்து என்னுடையதை வாசித்தார், நிறுத்தி நிறுத்தி, கோடு போட்டதைக்கூட விடாமல். நான் தன்னடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தோனியின் தாள்.

'ஒன்று: திறந்த தொண்டை. இது பெருமாள் அண்ணன் செய்தது. வருடம் முழுக்க என் பக்கத்தில் கேட்கிற சத்தம். இரண்டு: நான் எழுதிப் புகழ்ந்தது. மஸ்கெலியாப் பெரியவர் சொன்னதே சரி, மழைக்குத் தொண்டை கட்டுகிறது. நான் எழுதியது பிழை. மூன்று: இதுவும் அண்ணனுடையதுதான். ஒன்றும் மூன்றும் ஒரே பெட்டி.'

டீமேக்கர் ஐயா கயிற்றை அவிழ்த்தார். கம்பளி விழுந்தது. அங்கே இசைத்தட்டு யந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தவை இரண்டே பெட்டி. ரேடியோகிராம் மூலையில் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது, வயர்கூட மாட்டவில்லை.

"சாப்பிடும்போதே சொன்னேனே தம்பி" என்றார் அவர், ரொம்ப வருத்தமாக. "நீங்கதானே உரக்கச் சிரிச்சீங்க?"

செத்த தண்ணி என்றும் தங்க நிறம் என்றும் எழுதியவர் கொழும்பில்தான் இருக்கவேண்டுமென்று இல்லை. ஒரே பெட்டியை நான் அந்தோனியுடையது என்று நினைத்துக் கேட்டேன், துப்பினேன். என்னுடையது என்று நினைத்துக் கேட்டேன், கண்ணீர் விட்டேன். இதில் கொடுமை, என் பெட்டிதான் வென்றது. அவனுடைய தீர்ப்புத்தான் தோற்றது. பெரியவர் எழுதியது அத்தனையும் சரியாய்ப் போயிற்று. தோற்றுப்போன ஒரே ஆள் பெருமாள்.

அந்தோனி என் பக்கத்தில் வந்தான். "அண்ணே, பெட்டிக்குள்ள பார்க்கலாமா?" தலையாட்டினேன். அவன் பின்பலகையின் ஸ்குரூக்களைக் கழற்றி உள்ளே குனிந்தான். ஈயத்தாள், இலவம்பஞ்சு, பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்த நீலப்பூத் துணித்துண்டு ஒன்று. ரொம்ப நேரம் பார்த்தான். என் தச்சுவேலையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்று நினைத்து அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அவன் பலகையை மூடினான்.

முதலாளியைப் பார்த்தேன். அவர் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. பத்து வருடமாக, யார் எவ்வளவு மடத்தனமாகப் பேசினாலும் அவர் சொன்ன வாக்கியம். 'சரி, இன்னொரு தடவை கேப்போம்.' நான் அதற்காக நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. குடையை மட்டும் எடுத்தார். என் பெட்டியை டீமேக்கர் ஐயா தன்னிடமே வைத்துக்கொண்டார், ஆகவே இறக்கத்தில் நான் வெறுங்கையோடு நடந்தேன். முன்னால் முதலாளியும் அந்தோனியும் ஒரே குடைக்குள். படங்கை மட்டும் என் தலையில் போட்டுக்கொண்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் அந்தோனி நாற்காலியில் உட்கார்ந்தான். உட்காருவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "மஸ்கெலியாப் பெரியவரைக் கண்டுபிடிக்க முடிஞ்சா அவரைத்தாண்ணே இதில உக்காரவைக்கணும்" என்றான். சொல்லிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன ஆகும்? பெரியவர் ஒரே பெட்டிக்கு இரண்டு நம்பரில் வேறுவேறு தீர்ப்பு எழுதியவர் என்று ஆகும். அந்த நல்ல மனிதரின் பேரை நான் கெடுக்க விரும்பவில்லை. டோர்ச் பெட்டரி தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

அந்த மாதமே பெரியவர் கடைசிக் கடிதம் எழுதினார். 'வயதாகிவிட்டது. காது மங்கிவிட்டது. இனி எழுதுவதற்கில்லை.' அந்தோனி தன் பகுதி முழுவதையும் அவருக்காக ஒதுக்கி ஒரு நன்றி எழுதினான். அப்படி ஓர் எழுத்து. அவரிடமிருந்து தான் என்ன கற்றான், எந்த வரியில் எந்தப் பெட்டியை அவர் சரியாகப் பிடித்தார் என்று ஒவ்வொன்றாக. படிக்கப் படிக்க எனக்கு அந்தக் கிழவர்மேல் பொறாமை பொறுக்கவில்லை. கடைசிப் பந்திக்கு வந்தேன்.

'அவருடைய காதில் நான் கண்ட குறை ஒன்றே ஒன்று. எதிரே இருப்பது யாருடைய பெட்டி என்று நினைத்துவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். அந்த ஒரு குறையை நீக்கினால் இந்த மலையில் அதற்கு நிகரான காது இல்லை.'

வாசகர்களுக்கு அது புரிந்திருக்காது. எனக்கும் புரியவில்லை, அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை. வாசலில் அந்தோனியின் செருப்புக் கிடந்தது. உள்ளே பாக்கியம் ஒரு புதுத் தலையணையை மடியில் வைத்துத் தட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பெரியவரு கெடுத்ததுக்கு இது" என்றான் அவன், என்னைப் பார்க்காமலே. "பெரியவரு கடிதத்தில எழுதின அதே இலவம்பஞ்சு, விசாரிச்சுத்தான் வாங்கினேன்."

தேத்தண்ணி குடித்தான். போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குப் புதுப் பெட்டி ஒண்ணு ரயில்ல வருதுண்ணே. நான் பேரைச் சொல்லமாட்டேன். நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் எழுதுவோம்" என்றான்.

அறுபதுகளின் நடுவில் அவன் கொழும்புக்குப் போகும்வரை அப்படித்தான் நடந்தது. நாற்காலியில் அவன், கானோரமாகக் குடையோடு நான். அவன் எழுதிய தீர்ப்புகளில் பாதி என்னுடையவை. பேர் அவனுடையது. அவன் போன பிறகு நாற்காலி எனக்கு வந்தது. வெகுநாளாக அவன் உட்கார்ந்ததில் நடுவில் குழிவிழுந்திருந்தது. அளவு எனக்குச் சரியாக இல்லை.

ஒரு தடவையாவது அவனைவிட நல்லவனாக நடந்து காட்டவேண்டும் என்று எத்தனையோ முறை முயன்றேன். சந்தர்ப்பம் கிடைக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் முந்திக்கொண்டான். அந்தத் தலையணை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பாக்கியம் உறையை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவாள். இப்போது அதில் நான்தான் படுக்கிறேன். நல்ல தலையணை, ஒத்துக்கொள்கிறேன்.

இடது பக்கம் மட்டும் கொஞ்சம் அமுங்குகிறது.